காணும் பொங்கலா, தை அமாவாசையா?

ஊருக்குப் போற லீவுல எல்லாக் கடமையும் முடிஞ்சு ஒரே ஒரு நாள் மிச்சம் விழும் பாருங்க, அந்த நாளை என்ன பண்றதுங்கிறதுதான் வீட்டுல பெரிய பஞ்சாயத்து. அத்தை வீடு, சித்தப்பா வீடு, குலதெய்வம், பட்டா மாறுதல், பல் டாக்டர்னு வரிசையா முடிச்சுட்டு, "எங்கயாவது போலாமே"ன்னு தங்கமணி ஆரம்பிக்கிற நாள். துபாய்ல இருந்து வர்றவங்களுக்கும் சிங்கப்பூர்ல இருந்து வர்றவங்களுக்கும் இதே கதைதான். நமக்குச் சந்தாபுரா. பெங்களூரு ஓசூர் ரோட்டுல பொம்மசந்திராவுக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவுல இருக்கு. "கூப்பிடு தூரத்துலதானே இருக்கே, உனக்கென்னப்பா"ம்பாங்க. அத்திப்பள்ளி தாண்டினா தமிழ்நாடுதான், இல்லைங்கலை. ஆனா எங்க ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். கிருஷ்ணகிரி, சேலம், திருச்சி, தஞ்சாவூர்னு 400 கிலோமீட்டருக்கு மேல. பண்டிகைக் கூட்டத்துல ஒவ்வொரு சுங்கச்சாவடியா நின்னு நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள, சிங்கப்பூர்க்காரர் திருச்சியில இறங்கி, குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கமே போட்டு எழுந்திருப்பார்.

2026 பொங்கல் வியாழக்கிழமை வந்துச்சு. வெள்ளி மாட்டுப் பொங்கல், சனி காணும் பொங்கல், ஞாயிறு தை அமாவாசை. திங்கட்கிழமை காலையில நான் மறுபடி ஆணி புடுங்க உட்காரணும். வெள்ளிக்கிழமைக்கே டேமேஜர்கிட்ட ஒரு லீவு வாங்கியாச்சு. அதனால கையில இருக்கிறது சனி, ஞாயிறுல ஏதோ ஒண்ணு.

எங்க போறதுங்கிறதுல வீட்டுல ரெண்டரைக் கட்சி.

முதல் கட்சி ஜூனியர். பதினோரு வயசு. ஸ்கூல்ல 'உங்கள் ஊர் நீர்நிலை'ன்னு ஒரு ப்ராஜெக்ட் குடுத்திருந்தாங்க. நம்ம ஊர் நீர்நிலைன்னா சந்தாபுரா ஏரி. அதைப் பத்தி நான் சொல்ல வேண்டாம், தேசிய பசுமைத் தீர்ப்பாயமே சொல்லிடுச்சு. கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து அந்த ஏரி கெட்டதைத் தடுக்கலைன்னு 2022 அக்டோபர்ல கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் கட்டணும்னு உத்தரவு போட்டாங்க. புள்ளை அதையே எழுதி, பேப்பர் கட்டிங்கும் ஒட்டி, கீழே பறவைகள்னு ஒரு தலைப்பு போட்டு, காக்கா, பருந்துன்னு ரெண்டு பேர் எழுதி நிறுத்திடுச்சு. "அப்பா, நிஜமான தண்ணியில என்னென்ன பறவை இருக்கும்?"னு கேட்டுச்சு. அதுக்கு நிஜமான தண்ணின்னா மூக்கைப் பொத்தாம பக்கத்துல நிக்கக்கூடிய தண்ணி. பெல்லந்தூர் ஏரி தீப்பிடிச்சு எரிஞ்ச 2017ல அது கைக்குழந்தை. 'தண்ணி எரியும்'ங்கிறதை ஒரு சாதாரண விஷயமா நினைச்சு வளர்ந்த தலைமுறை.

ரெண்டாவது கட்சி தங்கமணி. சேலத்துக்காரங்க. கடல், படகு, காயல்னா உயிர். பிச்சாவரத்தை எம்ஜிஆர் படத்துல பார்த்ததோட சரி.

மீதி அரைக் கட்சி அப்பா. அரைன்னு ஏன் சொல்றேன்னா அவர் எதுவுமே கேக்கறதில்லை. 76 வயசு. அம்மா போனதுக்கு அப்புறமும் தென்னந்தோப்பைப் பார்த்துக்கிட்டு ஊர்லயே இருந்தவர். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுச்சே, அன்னிக்கு ஒரே ராத்திரியில தோப்பு படுத்துடுச்சு. அடுத்த வருஷம் எங்களோட சந்தாபுரா வந்துட்டார். மூணாவது மாடி. கன்னடத்துல 'ஊட்டா ஆய்தா' வரைக்கும் வரும். அதுக்கு மேல எதிராளி பேசினா சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவார். ரெண்டு முழங்காலும் தேய்மானம். 'என்னப்பா வேணும்'னு கேட்டா 'எல்லாம் இருக்குடா'ங்கிறதுதான் பதில். ஏழு வருஷமா அதே பதில்.

அப்படிப்பட்ட மனுஷர், நாங்க காலண்டரை விரிச்சு வச்சு சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப, தலையைத் தூக்காம, "ஞாயித்துக்கிழமை அமாவாசைல்ல"ன்னார். அவ்வளவுதான். மறுபடி தினத்தந்திக்குள்ள போயிட்டார்.

எனக்குப் புரிஞ்சுடுச்சு. எங்க பக்கத்துல தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் கோடியக்கரையில கடல்ல முழுகுறது வழக்கம். ஆதிசேதுன்னு பேரு. ராமேஸ்வரம் போக முடியாதவங்களுக்கு இதுதான் ராமேஸ்வரம். அப்பா சின்னப் பையனா இருந்தப்ப தாத்தாவோட மாட்டுவண்டியில முந்தின நாள் ராத்திரியே கிளம்பிடுவாங்களாம். கஜாவுக்கு அப்புறம் அவர் அந்தப் பக்கமே போகலை.

சரி, இடத்துக்கு வருவோம். திருத்துறைப்பூண்டியை நடுவுல வச்சுப் பார்த்தா, தண்ணியும் காடும் கடலும் சேர்ந்து இருக்கிற இடம் மூணு.

தங்கமணியோட சாய்ஸ் பிச்சாவரம். சிதம்பரத்துக்குப் பக்கத்துல, வெள்ளாறும் கொள்ளிடமும் கடல்ல சேர்ற இடத்துக்கு நடுவுல இருக்கிற அலையாத்திக் காடு. துடுப்புப் படகுல சின்னச் சின்ன வாய்க்கால்ல, மேல மரம் கவிஞ்சு நிக்க, உள்ள போயிட்டு வரலாம். 'இதயக்கனி' 1975ல அங்கதான் எடுத்தாங்க, அதுக்கு அப்புறம் 'தசாவதாரம்'. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வரக் காரணமான தில்லை மரத்தை இன்னிக்கும் பார்க்கணும்னா அந்தக் காட்டுக்குத்தான் போகணும். (பார்க்கலாம், தொடக்கூடாது. பால் கண்ணுல பட்டா போச்சு.) 2022ல ராம்சர் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க. நல்ல இடம், மறுக்கவே இல்லை. ஆனா எங்க ஊர்ல இருந்து போக மட்டுமே மூணு மணி நேரம் ஆகும். அதுவும் காணும் பொங்கல் அன்னிக்கு! சுத்துப்பட்டு ஜில்லா மொத்தமும் புளிசாத மூட்டையோட அங்க நிக்கும். படகுக்கு டோக்கன் போட்டுட்டு ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னா பறவை பார்க்க மாட்டோம், பக்கத்து வரிசைக்காரரைத்தான் பார்ப்போம்.

ரெண்டாவது முத்துப்பேட்டை. இது எங்களுக்குப் பக்கம், முக்கால் மணி நேரம். பாமணியாறு, கோரையாறுன்னு காவிரியோட கடைசிப் பிள்ளைகள் எல்லாம் கடலுக்குள்ள போற இடம். தமிழ்நாட்டோட பெரிய அலையாத்திக் காடு இதுதான், பிச்சாவரத்தை விடப் பல மடங்கு பெருசு. ஆனா விளம்பரம் கம்மி. வனத்துறை அனுமதியோட மோட்டார் படகுல ஆத்து வழியா போய், காயலைத் தொட்டுட்டுத் திரும்பணும். நானும் ஒரு தடவை காலேஜ் படிக்கிறப்ப போயிருக்கேன், அற்புதமா இருக்கும். பிரச்சனை அப்பா. படகுல ஏறி இறங்கணும். ஏறினா சில மணி நேரம் இறங்க முடியாது. 76 வயசு ஆம்பளைக்குச் சில மணி நேரம்னா என்ன கஷ்டம்னு வீட்டுல பெரியவங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

படகுன்னதும் தங்கமணியே ஒரு கேள்வி கேட்டாங்க. "லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் குடுப்பாங்களா?" காரணம் இருக்கு. 2023 மே 7 அன்னிக்குக் கேரளாவுல தானூர்ல அளவுக்கு மேல ஆள் ஏத்தின படகு கவிழ்ந்து 22 பேர் போனாங்க. அதுக்கு முன்னாடி 2009 செப்டம்பர் 30ல தேக்கடியில 45 பேர். கரையில தெரிஞ்ச மிருகத்தைப் பார்க்க எல்லாரும் ஒரு பக்கமா சாய்ஞ்சாங்கன்னு அப்ப செய்தி வந்துச்சு. இயற்கை பார்க்கப் போற கூட்டம் செய்யற காரியம் வேற எதுவா இருக்கும் சொல்லுங்க? 'அதோ பாரு'ன்னா எல்லாத் தலையும் அந்தப் பக்கம்தான். அதனால நான் எங்க போனாலும் படகுக்காரர்கிட்ட மூணு கேள்வி கேட்டுடறது. எத்தனை பேர் ஏத்துவீங்க, ஜாக்கெட் என் சைசுலயும் குழந்தை சைசுலயும் இருக்கா, காத்து அடிச்சா என்ன பண்ணுவீங்க. மூணாவது கேள்விக்கு 'போக மாட்டோம் சார்'னு சொல்றவர்தான் நம்ம ஆளு.

மூணாவது கோடியக்கரை. ஜூனியருக்குப் பறவை, அப்பாவுக்கு அமாவாசை. தங்கமணிக்குக் கடல் உண்டு, படகு கிடையாது. அங்க எல்லாமே தரையில நின்னு பார்க்கிறதுதான். 1967ல வெளிமானுக்காகச் சரணாலயம் ஆக்கினாங்க. 2002ல தமிழ்நாட்டோட முதல் ராம்சர் இடம். அதுக்கப்புறம் இருபது வருஷம் அது ஒண்ணு மட்டுமே பட்டியல்ல இருந்துச்சு.

இதுக்கு நடுவுல ஒரு டூர்க்காரர் புகுந்தார். பேர் வேண்டாம். தஞ்சாவூர்ல இருந்து ஏசி வேன், கைடு, டிபன், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 'ஒரு நாள் கடற்கரைச் சுற்றுலா'. பிச்சாவரம் படகு, தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை, நாகூர், வேளாங்கண்ணி, கடைசியா கோடியக்கரையில 'ஃபிளமிங்கோ சன்செட்'. வாட்ஸப்புல இளஞ்சிவப்பா ஒரு படம் வேற. பிச்சாவரத்துல இருந்து கோடியக்கரை மட்டுமே சுமார் 150 கிலோமீட்டர் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில ஊர் ஊராப் புகுந்து போறதுக்கு நாலு மணி நேரம் வைங்க. தஞ்சாவூர் போக வர அஞ்சாறு மணி நேரம். மிச்சத்தை அஞ்சு இடத்துக்குப் பங்கு போட்டா ஒவ்வொரு இடத்துலயும் இறங்கி, பாத்ரூம் தேடி, செல்ஃபி எடுத்து, ஏற வேண்டியதுதான். "ஃபிளமிங்கோ தெரியுமா?"ன்னு கேட்டேன். "நூறு சதவீதம் கேரண்டி சார்!"

அங்கதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. பொட்டி தட்டுற தொழில்ல இத்தனை வருஷமா இருக்கோம், நூறு சதவீதம் கேரண்டின்னு சொல்ற வெண்டரை எத்தனை பேரைப் பார்த்திருப்போம். :-)

எங்க சித்தப்பா பையன் மூலமா வேதாரண்யம் பக்கத்து ஆள் ஒருத்தர் நம்பர் கிடைச்சுது. பறவை ஆராய்ச்சிக்கு வர்றவங்களோட கூட நடந்து நடந்து பழகினவர். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல வருஷமா அங்க பறவைகளுக்குக் கால்ல வளையம் மாட்டி அனுப்பி, எங்க போகுது எங்க இருந்து வருதுன்னு பார்க்கிறாங்க. அந்த வேலைக்கு வலை கட்டுறவங்க, சதுப்புல வழி காட்டுறவங்கன்னு உள்ளூர்ல ஒரு கூட்டமே தேர்ந்திருக்கு. இவர் அந்த வகை.

போன்ல அதே கேள்வியைக் கேட்டேன். பூநாரை தெரியுமா?

"சார், நாரை நம்ம வீட்டுக் கோழி இல்லீங்க. டிட்வா புயல்ல பெய்ஞ்ச தண்ணி இன்னும் வடியாம நிக்குது. தண்ணி கூட நின்னா அது காலுக்கு எட்டாது, ஆழம் கம்மியா இருக்கிற எடமாப் பாத்து உள்ளுக்குப் போயிடும். தூரத்துல ஒரு கோடு மாதிரி தெரிஞ்சாலும் தெரியும். சின்னப் பறவைங்க நெறைய இருக்கு, அதைக் காட்டுறேன். நாரைக்காக மட்டும் வர்றதா இருந்தா வராதீங்க."

(டிட்வா, 2025 நவம்பர் கடைசியில இலங்கையைப் புரட்டிப் போட்டுட்டு நம்ம டெல்டாவையும் நனைச்சுட்டுப் போன புயல். கோடியக்கரையில நின்னா எதிர்க்கரை யாழ்ப்பாணம்தான். ஒரே மழை, ரெண்டு கரையும் நனையும்.)

அப்புறம் அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். டூர்க்காரர் கேட்காத கேள்வி. "கூட யார் யார் வர்றாங்க சார்?"

அப்பா முழங்காலைச் சொன்னேன். கொஞ்சம் யோசிச்சார். "அப்படின்னா சனிக்கிழமை வேணாம். ஞாயித்துக்கிழமை வாங்க. அமாவாசைக் கூட்டம் வெடிஞ்ச பிறகுதான் நெருக்கும். நீங்க இருட்டோட வந்து அய்யா முழுகி எழுந்திரிச்சா, கூட்டம் கரைக்கு வர்றப்ப நாம உப்பளப் பக்கம் போயிடலாம். அங்க வண்டி ஓரமா நிறுத்தி நாற்காலி போட்டு உக்காந்தே பாக்கலாம். காட்டுக்குள்ள நடக்கிறது அய்யாவுக்கு வேணாம்."

நாற்காலி! எங்க குடும்பத்துல யாருக்கும் தோணாத வார்த்தை. நாங்க எல்லாம் 'அப்பா கார்லயே இருக்கட்டும்'னுதான் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தோம். அந்த ஒரு வார்த்தையில முடிவு ஆயிடுச்சு. தங்கமணியே "முத்துப்பேட்டை அடுத்த தடவை, நாம மட்டும்"னு விட்டுக் குடுத்துட்டாங்க.

பாக்கி ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணு மணிக்கு எழுந்து, மத்தியானம் வரைக்கும் வெயில்ல இருந்துட்டு, அன்னிக்கு ராத்திரியே 400 கிலோமீட்டர் வண்டி ஓட்டக் கூடாது. பண்டிகை முடிஞ்சு எல்லாரும் திரும்புற ராத்திரி வேற. டேமேஜருக்கு மெசேஜ் போட்டேன். 'திங்களும் லீவு. அப்பாவைக் கூட்டிட்டுக் கடலுக்குப் போறேன்.' அவர் ஒரிசாக்காரர், பூரி பக்கம். என்ன புரிஞ்சுதோ, ஒரு கும்பிடு பொம்மை மட்டும் அனுப்பினார்.

ஞாயிறு காலை மூணரைக்குக் கிளம்பினோம். வேதாரண்யம் தாண்டி அகஸ்தியம்பள்ளி. ரயில்ல வர்றவங்களுக்கு ஒரு தகவல்: திருத்துறைப்பூண்டியில இருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் அகலப்பாதை போட்டு 2023 ஏப்ரல்ல மறுபடி ரயில் விட்டுட்டாங்க. 1930ல ராஜாஜி திருச்சியில இருந்து நடந்து வந்து உப்பு எடுத்தது இந்த மண்ணுலதான். இருட்டுல ரெண்டு பக்கமும் உப்பளப் பாத்தி மட்டும் லேசா வெளுப்பாத் தெரிஞ்சுது. அப்பா முன் சீட்டுல. கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஏசியைப் போட்டு வந்தவன் அணைச்சேன்.

கோடின்னா முனை. கிழக்கு பார்த்துக்கிட்டே வர்ற சோழமண்டலக் கரை அந்த இடத்துல சட்டுன்னு மடங்கித் தெற்கு பார்க்கும். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்குப் பூங்குழலியோட ஊர். சோழர் காலத்தது என்று சொல்வாங்களே ஒரு கலங்கரை விளக்கம், அது 2004 சுனாமியில விழுந்துடுச்சு.

நாங்க போய்ச் சேர்ந்தப்ப கரையில ஏற்கனவே நூத்துக்கணக்கான பேர். டார்ச் வெளிச்சமும் எள் வாசனையும். அப்பாவுக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் கைடு. அலை அங்க பெருசா இருக்காது, ஆனா மணல் காலுக்குக் கீழ இழுக்கும். இடுப்பு வரைக்கும் போனதும் என் கையை விடச் சொன்னார். "நான் நிக்கிறேண்டா." விட்டேன். மூணு முழுக்குப் போட்டார். தாத்தா பேர், பாட்டி பேர், அம்மா பேர். அம்மா பேரை அவர் வாயால கேட்டு எவ்வளவு நாளாச்சுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. 'உங்கம்மா'ன்னுதான் சொல்வார், பேர் சொல்ல மாட்டார்.

அதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்குத் தெரியலை.

வெளிச்சம் வந்ததும் துணி மாத்திக்கிட்டு, தங்கமணி கொண்டு வந்த இட்லியைப் பிரிச்சு, ஏழு மணிக்கெல்லாம் சதுப்புப் பக்கம் வந்துட்டோம். கைடு சொன்ன மாதிரியே ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒண்ணுல அப்பா, இன்னொண்ணு மேல துண்டு விரிச்சு அவரோட கால். முன்னாடி டெலஸ்கோப்பு மாதிரி ஒரு குழாயை முக்காலியில வச்சு, அப்பா கண் உயரத்துக்கு இறக்கினார். ஜூனியர் முழங்கால் போட்டுப் பார்த்துச்சு.

முதல்ல எங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. சேறு, தண்ணி, சேறு. கைடு பேசாம இருந்தார். கொஞ்ச நேரத்துல சேறு நகர ஆரம்பிச்சுது! சேறுன்னு நினைச்சது பாதி பறவை. கோலிகுண்டு உருள்ற மாதிரி சின்னச் சின்னதா ஓடி நின்னு, ஓடி நின்னு. கொசு உள்ளான்னார். எடை இருபது முப்பது கிராம் தேறும். ஆர்க்டிக் பக்கத்துல இருந்து வருது. "நம்ம வீட்டு எலுமிச்சம்பழத்தை விட எடை கம்மி பாப்பா. சைபீரியாவுல இருந்து இங்க வந்து சேத்தைக் கொத்துது." ஜூனியர் வாயைப் பொளந்துக்கிட்டு, "விசா?"ன்னு கேட்டுச்சு. நாம வளர்த்த லட்சணம் அப்படி.

பவளக்காலி, ஆலா, கரண்டிவாயன், உப்புக்கொத்தி. நாரை? எட்டு மணி சுமாருக்குத் தொடுவானத்துல வெள்ளையா ஒரு கோடு. குழாயில பார்த்தா கோட்டுக்கு கழுத்து இருந்துச்சு. இளஞ்சிவப்பெல்லாம் தெரியலை, அவ்வளவு தூரம். வாட்ஸப்புல வந்த படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா ஒரு தடவை மொத்தமா எழும்பிச்சு பாருங்க, ரெக்கைக்கு அடியில இருந்த சிவப்பு பத்து செகண்ட் காட்டிட்டு மறுபடி உட்கார்ந்துடுச்சு.

காத்து திரும்பினதும் சேத்து வாடை வந்துச்சு. ஜூனியர் மூக்கைப் பொத்திக்கிட்டு, "அப்பா, இங்கயும் நாறுதே! இங்கயும் கழிவு விடறாங்களா?"ன்னு கேட்டுச்சு. சந்தாபுராப் புள்ளை வேற என்ன கேக்கும்?

கைடு சிரிக்கலை. கையில கொஞ்சம் சேத்தை அள்ளிக் காட்டினார். மேல பழுப்பு, ஒரு விரக்கடை கீழ கருப்பு. அந்தக் கருப்புக்குள்ள காத்துப் போகாது, காத்து இல்லாம வாழற நுண்ணுயிர் அங்க இருக்கு, கடல் தண்ணியில இருக்கிற கந்தகச் சத்தை வச்சுப் பொழைக்குது, அழுகின முட்டை வாடை அதுல இருந்து வர்றதுன்னார். பழுப்புல புழு நெளிஞ்சுது. "இந்தப் புழுவுக்குத்தான் அது சைபீரியாவுல இருந்து வருது. உங்க ஊர் ஏரியில நாறுதுன்னா, அங்க சேத்தைத் தோண்டினா புழு இருக்கா பாரு பாப்பா." ஜூனியர் அதை அப்படியே நோட்டுல எழுதிக்கிச்சு. பத்து வருஷமா அந்த ஏரிக்குப் பக்கத்துல குடியிருக்கேன், வாடைன்னா ஒரே வாடைன்னுதான் நானும் இருந்தேன்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. கைடு ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பேர் சொல்லச் சொல்ல, அப்பா நாற்காலியில இருந்தபடியே "நாங்க அதை வேற சொல்வோம்"னு ஆரம்பிச்சார். இது எந்த மாசம் வயல்ல இறங்கும், எது உப்பளத்தை விட்டு நகராது, எதோட சத்தம் கேட்டா காத்து மாறப் போகுதுன்னு அர்த்தம். கோடிக்காட்டுப் பாலைப் பழத்தை ஓலைப் பெட்டியில விப்பாங்களே, அதைத் தின்னுட்டு உதடு ஒட்டிக்கிட்டுப் பேச முடியாம நின்ன கதை. கைடுக்கு ஐம்பது வயசு இருக்கும். குழாயை விட்டுட்டு அப்பா பக்கத்துல குத்த வச்சு உக்காந்துட்டார். "அய்யா, அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு தன்னோட போன்ல பதிவு பண்ணிக்கிட்டார். ஏழு வருஷத்துல அப்பா சேர்ந்தாப்புல ஒரு மணி நேரம் பேசினதை நான் பார்த்ததில்லை. சந்தாபுராவுல அவர்கிட்ட இதைக் கேக்க யாரும் இல்லை. கேட்டிருந்தாலும் காட்டறதுக்கு அங்க பறவை இல்லை.

பதினொரு மணிக்கு வெயில் ஏறிடுச்சு. வெளிமான் ரெண்டு ரோட்டோரமே தரிசனம் குடுத்துச்சு. ராமர் பாதம் மேட்டுல அப்பா ஏற வேண்டாம்னுட்டு, நாங்க மட்டும் ஏறிட்டு வந்தோம். வேதாரண்யம் கோயில்ல கூட்டம் தெருவுக்கு வந்துடுச்சு, வெளியிலேயே கும்பிட்டுட்டுத் திரும்பிட்டோம்.

போக நினைக்கிறவங்களுக்கு: நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல நேரம். ஆனா கனமழை பெய்ஞ்ச சூட்டோட போகாதீங்க, தண்ணி வடிய விடுங்க. காட்டுக்குள்ள போக வனத்துறை அனுமதி வாங்கணும். அங்கேயே தங்கணும்னா அவங்களோட பூநாரை இல்லம் இருக்கு, முன்கூட்டியே பேசிடுங்க. சாப்பாடும் தண்ணியும் வேதாரண்யத்துலயே வாங்கிக்குங்க. தொப்பி அவசியம். பளிச்சுனு கலர் சட்டை வேண்டாம். பெரியவங்க வர்றாங்கன்னா நாற்காலியைப் பத்தி முதல்லயே பேசுங்க.

திங்கட்கிழமை பகல்ல நிதானமா வண்டி ஓட்டிக்கிட்டு வந்தோம். ஜூனியர் பின் சீட்டுல நோட்டை ரெண்டு பத்தியாப் பிரிச்சிருந்துச்சு. இடது பக்கம் 'அங்கிள் சொன்ன பேர்', வலது பக்கம் 'தாத்தா சொன்ன பேர்'. மொத்தம் 27. வலது பக்கத்துல நாலு கட்டம் காலி. அப்பாவுக்கு ஞாபகம் வரலை. கிருஷ்ணகிரி தாண்டுறப்ப முன் சீட்டுல இருந்து என்கிட்ட போனைக் கேட்டார். ஊர்ல அவர் கூடப் படிச்சவர் ஒருத்தர் நம்பரைப் போடச் சொன்னார். எடுத்த எடுப்புல நலம் விசாரிக்கக் கூட இல்லை. "ஏண்டா, கால் மஞ்சளா, மூக்கு மேல வளைஞ்சு, வாலை ஆட்டிக்கிட்டே இருக்குமே, அதுக்கு நாம என்னடா பேரு சொல்லுவோம்?"